உருளைக்கிழங்கும் ஆறு டம்ளர் சர்க்கரைக் கரைசலும்: சவ்வூடு பரவலை அளந்து பார்ப்பது எப்படி

இந்தச் செய்முறையில் சர்க்கரைக்கும் கிழங்குக்கும் கிடைக்கும் மரியாதை, துண்டுகளைத் துடைக்கும் காகிதத்துக்குக் கிடைப்பதில்லை. பிளஸ் ஒன் தாவரவியல் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் இதைச் செய்யவைக்கும் ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன்: விடை கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தக் காகிதத்தில்தான். கரைசல் சரியாக இருக்கும், தராசும் சரியாக இருக்கும். ஆனால் ஒரு துண்டை ஒருத்தி பட்டும் படாமலும் ஒற்றி எடுப்பாள். அடுத்ததை அவள் தோழி சாறு கசியும்வரை அழுத்துவாள். பிறகு வரைபடம் மேலும் கீழும் துள்ளும்போது இருவரும் கிழங்கைக் குறை சொல்வார்கள்.

செய்யப்போவது இதுதான். ஒரே கிழங்கிலிருந்து வெட்டிய துண்டுகளை வெவ்வேறு செறிவுள்ள சர்க்கரைக் கரைசல்களில் ஊறவைக்கிறோம். சிலவற்றில் எடை கூடும், சிலவற்றில் குறையும். செல்சவ்வு வழியே நீர் உள்ளேயோ வெளியேயோ நகர்வதுதான் காரணம்; அந்த நகர்வுக்குத்தான் சவ்வூடு பரவல் என்று பெயர். எடை கூடவும் குறையவும் செய்யாத செறிவு எது என்று தேடுகிறோம். அந்த இடத்தில் கரைசலின் நீரியல் திறனும் (நீர் ஓரிடத்தைவிட்டு நகரும் போக்கின் அளவு; அது கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நீர் போகும்) கிழங்குத் திசுவின் நீரியல் திறனும் சமம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒரு தராசை வைத்துக்கொண்டு எண்ணாக்கிவிடலாம் என்பதால்தான் இந்தச் செய்முறை எனக்குப் பிடிக்கும்.

கிழங்கும் சர்க்கரையும்

கிழங்கு பெரிதாக, கெட்டியாக, முளைவிடாததாக இருக்கட்டும். தோல் சுருங்கியிருந்தால் வேண்டாம். அது ஏற்கெனவே நீரை இழந்த கிழங்கு. மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வரும் புது ஊட்டிக் கிழங்கு கிடைத்தால் நல்லது. குளிர்பதனக் கிடங்கிலோ வீட்டு ஃபிரிட்ஜிலோ பல நாள் கிடந்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். செல்லுக்குள் கரைந்திருக்கும் சர்க்கரை கூடினால் அதன் நீரியல் திறன் குறையும், உங்கள் விடையும் நகரும். அது தவறான விடை அல்ல, அந்தக் கிழங்கின் விடை. ஆனால் பக்கத்து மேசைக்காரர் வேறு கிழங்கை எடுத்துக்கொண்டு உங்களோடு ஒப்பிட்டால் சண்டைதான் வரும்.

சர்க்கரை என்றால் கடையில் விற்கும் வெள்ளைச் சர்க்கரையே போதும். அது 99 சதவீதத்துக்கும் மேல் சுக்ரோஸ். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு எதுவும் வேண்டாம். அவற்றில் வேறு சர்க்கரைகளும் தாது உப்புகளும் கலந்திருக்கும், மோலார் கணக்கே போட முடியாது. ‘உப்பைப் போட்டால் என்ன டீச்சர்?’ என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது கேட்பார்கள். போடலாம், எடை குறையத்தான் செய்யும். ஆனால் உப்பு நீரில் இரண்டு அயனிகளாகப் பிரிகிறது, அவை மெல்ல மெல்லச் செல்லுக்குள்ளும் புகுகின்றன. சுக்ரோஸ் பெரிய மூலக்கூறு. பிரிவதும் இல்லை, இரண்டு மணி நேரத்தில் சவ்வைத் தாண்டிச் சொல்லிக்கொள்ளும்படி உள்ளே போவதும் இல்லை. நீர் மட்டும் நகர்ந்தது என்று துணிந்து சொல்ல சுக்ரோஸ்தான் வசதி.

நீருக்கு, பேட்டரிக் கடையில் விற்கும் வாலைவடி நீர் ஒரு கேன் வாங்கிக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் தொடங்கினால், பூஜ்யம் என்று நீங்கள் எழுதும் டம்ளரே பூஜ்யமாக இருக்காது.

கரைசல்

சுக்ரோஸின் மூலக்கூறு எடை 342. ஒரு லிட்டர் கரைசலில் 342 கிராம் இருந்தால் 1 மோலார். நமக்கு அவ்வளவு வேண்டாம், 200 மில்லி லிட்டர் போதும், அதற்கு 68.4 கிராம். இங்கேதான் கவனம். 200 மி.லி. நீரை அளந்து அதில் 68.4 கிராம் சர்க்கரையைக் கொட்டக்கூடாது. கரைந்த சர்க்கரையும் இடம் பிடிக்கும். கரைசல் 240 மி.லி.யைத் தாண்டிவிடும், செறிவு 0.83 மோலார் அளவுக்கு இறங்கிவிடும். அதிலிருந்து நீர்த்துச் செய்யும் எல்லாக் கரைசல்களும் அதே விகிதத்தில் பொய் சொல்லும். அதனால் முதலில் 120 மி.லி. வெதுவெதுப்பான நீரில் சர்க்கரையை முழுதாகக் கரையுங்கள். அறை வெப்பநிலைக்கு ஆறவிடுங்கள். பிறகு அளவு உருளையில் ஊற்றி, பாத்திரத்தைக் கொஞ்சம் நீரால் அலசி அதையும் சேர்த்து, 200 கோடு வரை நீர் விட்டு நிறைவு செய்யுங்கள்.

இந்த மூலக் கரைசலிலிருந்து ஒவ்வொன்றும் 50 மி.லி. வரும்படி மற்றவற்றைத் தயாரிக்கலாம். 0.2 மோலாருக்கு 10 மி.லி. மூலக் கரைசலும் 40 மி.லி. நீரும், 0.4க்கு 20ம் 30ம், 0.6க்கு 30ம் 20ம், 0.8க்கு 40ம் 10ம். 1.0க்கு மூலக் கரைசலே 50 மி.லி. பூஜ்யத்துக்கு வெறும் நீர். இதில் 150 மி.லி. மூலக் கரைசல் செலவாகும். மீதி 50ஐக் கொட்டிவிடாதீர்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

பீக்கர் இல்லையென்றால் டீக்கடைக் கண்ணாடி டம்ளர் போதும். ஆறும் ஒரே அளவாக இருக்கட்டும். செறிவை டம்ளரில்தான் எழுத வேண்டும், மூடியில் அல்ல. மூடிகள் இடம் மாறும். டம்ளர்களை ஒரு தட்டில் வைத்து, தட்டில் ஒரு விரல்கட்டை நீர் ஊற்றிவையுங்கள். இல்லையென்றால் உங்களுக்கு முன்னால் எறும்புகள் செய்முறையை முடித்துவிடும். கரைசலை அன்றன்றே செய்துவிடுவது நல்லது. நம் ஊர் வெயிலில் ஒரு நாள் கிடந்தாலே புளிக்கத் தொடங்கும்.

வெட்டுதல்

பள்ளி ஆய்வகத்தில் கார்க் துளைப்பான் இருக்கும். 8 மி.மீ. விட்டமுள்ளதை எடுத்துக்கொண்டு, கிழங்கை வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் வைத்து, உள்ளங்கையில் அல்ல, நேராகக் கீழே அழுத்தித் திருகுங்கள். துளைப்பானுக்குள் நிற்கும் உருளையை அதனுடன் வரும் கம்பியால் தள்ளினால் வெளியே வரும். இரண்டு முனைகளிலும் தோலை வெட்டி நீக்கிவிட வேண்டும். தோலில் உள்ள தக்கைத் திசு நீரை விடாது. நுனியில் ஒரு வட்டம் தோல் ஒட்டியிருந்தாலும் அந்தப் பக்கம் அடைபட்டதுதான். பிளேடால் எல்லாவற்றையும் சரியாக 4 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு துண்டு ஏறக்குறைய 2 கிராம் இருக்கும்.

துளைப்பான் இல்லாதவர்கள் கத்தியால் 1 செ.மீ. பக்கமுள்ள சதுரக் குச்சிகளாக வெட்டலாம். விடை ஒன்றும் கெடாது. எல்லாத் துண்டுகளும் ஒரே வடிவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்; மேற்பரப்பு கூடினால் நீர் வேகமாகப் போய்வரும்.

டம்ளருக்கு மூன்று துண்டுகள், மொத்தம் பதினெட்டு. எல்லாம் ஒரே கிழங்கிலிருந்து வந்தால் மேல். கிழங்கின் நடுப்பகுதி சற்று நீர்த்தன்மை கூடியது. வெளிப்பகுதியில் மாவு கூடுதல். ஆகவே நடுவில் எடுத்ததையெல்லாம் ஒரு டம்ளரிலும் ஓரத்தில் எடுத்ததையெல்லாம் இன்னொன்றிலும் போடாமல் கலந்து பிரித்துப் போடுங்கள். வெட்டிய துண்டுகளைத் திறந்து வைத்தால் மின்விசிறிக் காற்றில் எடை இழக்கும், நீரில் போட்டு வைத்தால் எடை கூடும். மூடியுள்ள ஒரு டப்பாவில் உலர்வாகவே வையுங்கள்.

துடைப்பது, நிறுப்பது

வெட்டிய துண்டின் மேற்பரப்பில் கிழிந்த செல்களின் சாறு ஈரமாக இருக்கும். அதை எடுக்காமல் நிறுத்தால், தொடக்க எடையிலேயே திசுவுக்குச் சொந்தமில்லாத எடை சேர்ந்துவிடும். என் வகுப்பில் விதி இது: வடிதாளின் மேல் துண்டை வைத்து, ஒரு விரலால் ஒரு முறை முன்னே, ஒரு முறை பின்னே உருட்ட வேண்டும், இரண்டு முனைகளையும் தாளில் ஒரு முறை தொட வேண்டும். அழுத்தம் கூடாது. ஊறவைப்பதற்கு முன்பும் இதே, பின்பும் இதே. எல்லாத் துண்டுகளையும் ஒரே ஆள்தான் துடைக்க வேண்டும். இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் நீங்கள் அளப்பது கிழங்கை அல்ல, இரண்டு பேருடைய கைகளை. ஈரமான தாளை மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். சமையலறைத் தராசு முழுக் கிராம்தான் காட்டும், அது உதவாது. தங்கம் நிறுக்கும் சிறிய கைத்தராசு பொருத்தமாக இருக்கும், விலையும் அதிகம் இல்லை. மூன்று துண்டுகளையும் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள். எது எந்தத் துண்டு என்று பின்னால் தெரிய, ஒன்றின் முனையில் ஒரு சிறு வெட்டும், இன்னொன்றில் இரண்டு வெட்டும் போட்டுக்கொள்ளலாம், மூன்றாவது வெட்டில்லாதது. முதல் எடை எடுப்பதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும்.

தராசே இல்லாத இடத்தில் நீளத்தை அளந்து செய்யலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். செய்யலாம், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பருமன் 10 சதவீதம் கூடினால் நீளம் 3 சதவீதம்தான் கூடும். 40 மி.மீ. துண்டில் அது 1.3 மி.மீ. சாதாரண அளவுகோலில் அதை நம்பிப் படிக்க முடியுமா?

ஊறும் நேரம்

இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொரு டம்ளராகத் துண்டுகளைப் போடுங்கள். எடுக்கும்போதும் அதே வரிசை, அதே இடைவெளி. அப்போதுதான் எல்லாம் ஒரே நேரம் ஊறியிருக்கும். அரை மணி நேரத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். இரண்டு மணி நேரம் விட்டால் எண்கள் தெளிவாக இருக்கும். பாடவேளை 45 நிமிடம்தான் என்றால் காலையில் போட்டு மதிய இடைவேளையில் எடுக்கலாம். இரவு முழுக்க விட வேண்டாம். டம்ளர்களை மூடிவையுங்கள், நீர் ஆவியானால் செறிவு கூடும்.

போட்ட உடனே ஒன்றைக் கவனிப்பீர்கள். 1.0 மோலார் டம்ளரில் துண்டுகள் மிதக்கும், 0.8லும் சில நேரம் மிதக்கும். வெறும் நீருள்ள டம்ளரில் துண்டுகள் அடியில் கிடக்கும். இதற்கும் சவ்வூடு பரவலுக்கும் சம்பந்தமில்லை. 1 மோலார் சர்க்கரைக் கரைசலின் அடர்த்தி மி.லி.க்கு 1.13 கிராம் அளவு, கிழங்கு அதைவிட லேசு. ஆனால் மிதக்கும் துண்டின் முதுகு கரைசலுக்கு வெளியே இருக்கிறதே, அந்தப் பக்கம் நீர் வெளியேறாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டம்ளரை மெல்லச் சுழற்றிவிடுங்கள், அல்லது ஒரு கண்ணாடிக் குச்சியைக் குறுக்கே வைத்து அமுக்கிவையுங்கள்.

நேரம் முடிந்து எடுக்கும்போது, நிறுப்பதற்கு முன்னால் விரல்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். நீரில் ஊறிய துண்டின் ஒரு முனையைப் பிடித்துக் கிடையாக நீட்டுங்கள். வளையாமல் விறைத்து நிற்கும். 1.0 மோலாரில் கிடந்தது தலைகவிழும், வளைத்தால் ரப்பர்போல் வளையும். நிறுத்து முடித்தபின் நீர்த் துண்டை ஒடித்துப் பாருங்கள். ‘பட்’ என்ற ஓசையோடு முறியும். அந்த ஓசைதான் விறைப்பு அழுத்தம். செல் சுவர்கள் உள்ளிருந்து தள்ளப்பட்டு இழுபட்டு நிற்கின்றன.

கணக்கும் வரைபடமும்

இறுதி எடையிலிருந்து தொடக்க எடையைக் கழித்து, தொடக்க எடையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 2.40 கிராம் துண்டு 2.64 ஆனால் +10 சதவீதம், 2.16 ஆனால் −10 சதவீதம். வெறும் கிராம் வித்தியாசத்தை வரைந்தால் பெரிய துண்டுக்கு ஒரு நியாயம், சிறிய துண்டுக்கு ஒரு நியாயம் ஆகிவிடும். கூட்டல், கழித்தல் குறிகளை விட்டுவிடாதீர்கள். தேர்வில் மதிப்பெண் போவது பாதி இடத்தில் இந்தக் குறியால்தான்.

கிடை அச்சில் செறிவு, செங்குத்து அச்சில் எடை மாற்றச் சதவீதம். பூஜ்யக் கோடு தாளின் நடுவில் வரட்டும், ஏனென்றால் புள்ளிகள் இரண்டு பக்கமும் விழும். புள்ளிகளை அளவுகோலால் ஒன்றோடொன்று இணைக்காமல், எல்லாவற்றுக்கும் நடுவே போகும் சீரான வளைவாக வரையுங்கள். வளைவு பூஜ்யக் கோட்டை வெட்டும் இடம்தான் விடை. உருளைக்கிழங்குக்கு அது பெரும்பாலும் 0.2க்கும் 0.4க்கும் இடையில் விழும். கைடில் அச்சிட்டிருக்கும் எண் உங்களுக்கு வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கைடு எழுதியவர் உங்கள் கிழங்கைப் பார்க்கவில்லை. எண்ணைத் திருத்தி எழுதும் மாணவரை என்னால் சுலபமாகக் கண்டுபிடிக்க முடியும்: மூன்று துண்டுகளும் ஒரே சதவீதம் காட்டும். உயிருள்ள திசு அப்படி ஒழுங்காக நடந்துகொள்வதில்லை.

வளைவு இரண்டு முனைகளிலும் படுத்துவிடுவதைக் கவனியுங்கள். நீர்ப் பக்கத்தில், செல் சுவர் இதற்குமேல் விரிய மாட்டேன் என்று எதிர்த்துத் தள்ளுவதால் நீர் நுழைவது குறைகிறது. சர்க்கரைப் பக்கத்தில், செல்சவ்வு சுவரைவிட்டு விலகிவிடுகிறது. அந்த இடைவெளியில் சர்க்கரைக் கரைசலே புகுந்து நிரம்புவதால் எடை இழப்பு கணக்கில் முழுதாகத் தெரிவதில்லை. நேர்கோடு போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

வெட்டும் புள்ளி 0.28 மோலார் என்று வைத்துக்கொள்வோம். அதை அழுத்தமாக்க வான்ட் ஹாஃப் வாய்பாடு: செறிவு × வாயு மாறிலி × கெல்வின் வெப்பநிலை, முன்னால் ஒரு கழித்தல் குறி. அறை 27 டிகிரி செல்சியஸ் என்றால் 300 கெல்வின். 0.28 × 8.314 × 300, ஏறக்குறைய 698 கிலோ பாஸ்கல். ஆக நீரியல் திறன் −0.70 மெகா பாஸ்கல். நீர்த்த கரைசல்களுக்கு இந்த வாய்பாடு போதும். செறிந்த கரைசலில் அது குறைத்துக் காட்டும்: 20 டிகிரியில் 1 மோலாருக்கு வாய்பாடு −2.44 என்கிறது, அட்டவணைகளில் −3.5 மெகா பாஸ்கல் என்றிருக்கும். அட்டவணை கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

வாய்மொழித் தேர்வில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி: நீங்கள் கண்டுபிடித்தது நீரியல் திறனா, கரைபொருள் திறனா? பலர் தடுமாறுவார்கள். எடை மாறாத செறிவு திசுவின் நீரியல் திறனைத் தருகிறது. அதில், கரைந்திருக்கும் பொருள்களால் வரும் கரைபொருள் திறனும், செல் சுவர் எதிர்த்துத் தள்ளுவதால் வரும் அழுத்தத் திறனும் இரண்டும் அடங்கியிருக்கின்றன. கரைபொருள் திறன் மட்டும் தனியாக வேண்டுமென்றால் அழுத்தம் பூஜ்யமாக வேண்டும். அதற்கு நுண்ணோக்கியும் ரியோ செடியும் வேண்டும். இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் இந்தச் செடி பள்ளித் தொட்டிகளில் தாராளமாக வளர்கிறது. அடித்தோலை மெல்லிதாக உரித்து, 0.1 முதல் 0.5 மோலார் வரையான கரைசல்களில் இருபது நிமிடம் வைத்துப் பார்த்தால், நிறமுள்ள வாக்குவோல் (செல்லுக்குள் சாறு நிறைந்த பை) சுருங்கிச் சுவரைவிட்டு விலகுவது தெளிவாகத் தெரியும். பார்வைப் புலத்தில் பாதிச் செல்கள் இப்படி விலகி, அதாவது பிளாஸ்மா சிதைவு அடைந்திருக்கும் செறிவே விடை. 1880களில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் தாவரவியலாளர் ஹ்யூகோ டி வ்ரீஸ் கரைசல்களின் திறனை ஒப்பிட்டதும் இந்த ஊதா இலையின் தோலில்தான். அதே பல்கலைக்கழகத்தில் இருந்த வேதியியலாளர் வான்ட் ஹாஃப். செயற்கைச் சவ்வுகளை வைத்து ஜெர்மன் தாவரவியலாளர் பெஃபர் 1877இல் வெளியிட்ட அளவீடுகளிலிருந்து அவர் தன் வாய்பாட்டை உருவாக்கினார். 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசும் அவருக்குத்தான்.

தராசு இல்லையா?

கல்லூரிகளில் சர்டாகோவ் முறை என்று ஒன்று செய்வார்கள். பள்ளியிலும் தாராளமாகச் செய்யலாம். ஒவ்வொரு செறிவுக்கும் இரண்டு சோதனைக் குழாய்கள், இரண்டிலும் 10 மி.லி. கரைசல். ஒன்றில் மெல்லிய கிழங்கு வில்லைகளைப் போடுங்கள், நிறையவே. இன்னொன்றில் மெத்திலீன் நீலத் துகளை ஊசி முனையளவு மட்டும் கலந்து நிறமூட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வில்லைகளை எடுத்துவிட்டு, நீலக் கரைசலில் ஒரு சொட்டை இங்க் பில்லரால் எடுத்து, கிழங்கு கிடந்த கரைசலின் நடுவே பில்லர் நுனியை நிறுத்தி மிக மெதுவாக விடுங்கள். குழாய்க்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடித்தால் நன்றாகத் தெரியும். நீலச் சொட்டு மேலே ஏறினால், கிழங்கு நீரை உறிஞ்சிக் கரைசலை அடர்த்தியாக்கிவிட்டது என்று பொருள். கீழே இறங்கினால், கிழங்கு நீரை விட்டுக் கரைசலை நீர்த்துவிட்டது. ஏறாமல் இறங்காமல் அங்கேயே கலைந்து பரவினால், அதுதான் நீங்கள் தேடும் செறிவு. கிழங்கை ஒரு மில்லிகிராம்கூட நிறுக்கவில்லை.

சவ்வின் பங்கைச் சந்தேகிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் டம்ளர். கிழங்குத் துண்டுகளை ஐந்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து ஆறவைத்து, துடைத்து நிறுத்து, அவற்றையும் வெறும் நீரில் ஊறவையுங்கள். வெந்த செல்லின் சவ்வு சிதைந்துவிட்டது. பச்சைத் துண்டுபோல் அது விறைக்காது.

இனி அந்த மீதி 50 மி.லி. முதல் சுற்றில் வெட்டும் புள்ளி 0.2க்கும் 0.4க்கும் நடுவில் விழுந்திருந்தால், அந்தக் கிழங்கின் மிச்சப் பகுதியிலிருந்தே இன்னும் ஒன்பது துண்டுகள் எடுங்கள். 12.5 மி.லி. மூலக் கரைசலும் 37.5 நீரும் சேர்த்தால் 0.25 மோலார், 15ம் 35ம் சேர்த்தால் 0.30, 17.5ம் 32.5ம் சேர்த்தால் 0.35. மூன்றுக்கும் சேர்த்து 45 மி.லி. மூலக் கரைசல் போதும். இந்த மூன்று புள்ளிகளையும் முதல் வரைபடத்திலேயே வேறு நிறத்தில் குறியுங்கள். பூஜ்யக் கோட்டருகே வளைவு எந்தப் பக்கம் சாய்கிறது என்ற ஊகத்துக்கு இடமில்லாமல் போகும். மறுநாள் செய்யலாம் என்று கிழங்கை எடுத்துவைக்காதீர்கள். வெட்டிய கிழங்கு இரவில் காய்ந்துவிடும், வேறு எண்தான் வரும்.